இசை இல்லாத சாவு

ஜில்லோ பொன்டெகார்வோவின் ‘அல்ஜியர்ஸ் யுத்தம்’ ஒரு முகத்தில் தொடங்குகிறது. ஒடுங்கிய நெஞ்சு, குழிவிழுந்த கண்கள், நடுக்கம் நிற்காத உடம்பு. சித்திரவதை முடிந்துவிட்டது, அவன் சொல்லிவிட்டான். அலி லா புவாந்த் எந்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்பது ராணுவத்துக்குத் தெரிந்துவிட்டது. சிப்பாய்கள் அவனுக்குக் காபி கொடுக்கிறார்கள். வழிகாட்டிக்கொண்டு வரும்போது ஜனங்கள் அடையாளம் கண்டுவிடாதபடி தங்கள் உடுப்பையே அவனுக்கு மாட்டிவிடுகிறார்கள். அவன் ஜன்னலை நோக்கிப் பாய்கிறான். பிடித்து நிறுத்துகிறார்கள். கண்ணீர் வழிகிறது. ஒரு விடுதலைப் போரைப் பற்றிய படம், காட்டிக்கொடுத்தவன் ஒருவனின் முகத்தில் தொடங்குகிறது என்பது முதல் தடவை பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை.

1985 என்று நினைவு. சென்னையில் ஒரு ஃபிலிம் சொசைட்டி; 16 எம்.எம். பிரதி. ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் அடிபட்டிருந்தோம். என் பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு நண்பர் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து டீக்கடைக்கு நடக்கும்போது நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தேன். சினிமா என்றால் இது, அரசியல் என்றால் இது என்கிற தோரணையில். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார்: “நல்ல படந்தான். ஆனா படத்திலை எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே பக்கத்திலைதான் நிக்கினம்.” அப்படித்தானே இருக்க வேண்டும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

அந்த வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று பல வருஷங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தக் கடன்.

படத்தின் பெருமைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். அவற்றை ஒப்புக்கொள்ளாமல் எழுப்பப்படும் கேள்வி வெறும் குறைகாணலாகிவிடும். 1966ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற படம்; பிரெஞ்சுப் பிரதிநிதிகள் விழாவிலிருந்து வெளியேறினார்கள். பிரான்ஸில் 1970வரை அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த பிறகும் தியேட்டர்களுக்கு மிரட்டல்கள். படத்தைத் தயாரித்தவர் ஸாதி யாசேஃப். 1957ல் அல்ஜியர்ஸ் நகரின் கஸ்பா பகுதியில் தேசிய விடுதலை முன்னணியின் ஆயுதப் பிரிவை நடத்தியவர் அவர்தான். பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, தண்டனை குறைக்கப்பட்டு, விடுதலைக்குப் பிறகு தன்னையே ஒத்த ஒரு பாத்திரத்தில் தானே நடித்தார். அலியாக நடித்தவர் அதற்குமுன் காமிராவைக் கண்டறியாதவர். படத்தின் முக்கிய பாத்திரங்களில் தொழில்முறை நடிகர் ஒருவரே: கர்னல் மத்யூவாக வரும் ழான் மார்த்தான். அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960ல் பிரெஞ்சு அறிவாளிகள் 121 பேர் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டு, அதனால் வேலை இழந்தவர். சித்திரவதைக்கு உத்தரவிடும் ராணுவ அதிகாரியின் முகம், அந்தச் சித்திரவதையை எதிர்த்தவனின் முகம். போராளியின் முகம் நிஜப் போராளியின் முகம். நடிப்புக்கும் சாட்சியத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர் இந்தப் படத்தில் பல இடங்களில் இல்லை.

பிம்பத்தின் தன்மையும் அப்படியே. மார்ச்செல்லோ கத்தியின் கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பு செய்திப்படத்தின் சொரசொரப்போடு இருக்கிறது. ஓர் அடி செய்திப்படம்கூட இதில் சேர்க்கப்படவில்லை என்று அமெரிக்கப் பிரதியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது. புனையப்பட்டது என்று பார்வையாளனுக்கு நினைவூட்ட வேண்டிய நிலைமை ஒரு கலைஞனுக்கு வெற்றி. சரித்திரத்துக்கு அது ஆபத்து. 1957ல் அல்ஜியர்ஸில் என்ன நடந்தது என்று இன்று என்னைக் கேட்டால் என் மனத்தில் எழுவது படித்த பக்கங்கள் அல்ல, பொன்டெகார்வோவின் படிக்கட்டுகள். என் நினைவு இந்தப் படத்திடம் குத்தகைக்குப் போய்விட்டது.

எல்லாவற்றையும்விட, மில்க் பார் காட்சி. 1956 செப்டம்பர் 30. மூன்று இளம்பெண்கள் முடியைக் கத்தரித்து, ஐரோப்பிய உடை அணிந்து, ராணுவச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வெள்ளையர் பகுதிக்கு வருகிறார்கள். கையில் வெடிகுண்டு உள்ள பை. சரித்திரத்தில் ஸோஹ்ரா த்ரிஃப், ஸாமியா லக்தரி, ஜமீலா பூஹிரெத். பூஹிரெத் ஏர் பிரான்ஸ் அலுவலகத்தில் வைத்த குண்டு வெடிக்கவில்லை. படத்தில் பையை வைத்த பெண் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கிறாள். காமிரா அவள் கண்ணாகிறது. பேசிச் சிரிக்கும் ஜோடிகள். ஐஸ்க்ரீம் நக்கும் ஒரு குழந்தை. சாகப் போகிறவர்களை ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், படம் நமக்குக் காட்டுகிறது. பிறகு வெடி. சிதைவுகளிலிருந்து உடல்களைத் தூக்கும்போது எழும் இசை, கொஞ்ச நேரத்துக்குமுன் கஸ்பாவின் தெப்ஸ் தெருவில் வெள்ளையர் வைத்த குண்டால் செத்த அரபுக் குழந்தைகளை எடுத்தபோது எழுந்த அதே இசை. எண்ணியே செய்த காரியம் அது. சாவுக்கு முன்னால் பக்கங்கள் இல்லை என்பதை வசனத்தில் சொல்லாமல் இசையில் சொல்கிறார்கள். தங்கள் தரப்பு வைத்த குண்டில் செத்த எதிரிக்கு அதே துக்கத்தைத் தருகிற புரட்சிப் படங்கள் எத்தனை? என்னால் இரண்டு விரல்களுக்குமேல் மடக்க முடியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகே நண்பரின் வாக்கியத்துக்கு வர முடிகிறது. படத்தில் இரண்டு வகைச் சாவுகளுக்கு இசை இருக்கிறது: எதிரியால் செத்த நம்மவர், நம்மால் செத்த எதிரி. மூன்றாவது ஒரு வகை உண்டு. நம்மால் செத்த நம்மவர். அவர்களுக்கு இசை இல்லை.

அபான் ரம்தானை எடுத்துக்கொள்வோம். 1956 ஆகஸ்ட் 20ல் ஸும்மாம் பள்ளத்தாக்கில் கூடிய மாநாட்டின் மூளை என்று சரித்திரக்காரர்கள் அவரைச் சொல்கிறார்கள். ராணுவத்துக்கு மேலே அரசியல், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மேலே நாட்டுக்குள் போராடுபவர்கள் என்ற இரண்டு கோட்பாடுகளை அந்த மாநாடு வகுத்தது. படத்தில் வரும் பென் மஹிதியும் அபானும் அல்ஜியர்ஸில் ஒரே தலைமைக் குழுவில் இருந்தார்கள். நாம் திரையில் பார்க்கும் எட்டு நாள் வேலைநிறுத்தம், 1957 ஜனவரி 28ல் தொடங்கியது, அந்தக் குழுவின் முடிவு. பென் மஹிதி பிப்ரவரியில் பிடிபட்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். அபான் தப்பி வெளிநாடு போனார். அங்கே ராணுவத் தளபதிகளின் ஆதிக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1957 டிசம்பர் கடைசியில் ஏதோ ஒரு பேச்சுவார்த்தை என்று அவரை மொராக்கோவுக்கு அழைத்துக்கொண்டு போய், சொந்தத் தோழர்களே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஐந்து மாதம் மௌனம். 1958 மே மாதம் முன்னணியின் பத்திரிகை, போர்க்களத்தில் காயம்பட்டு வீரமரணம் அடைந்தார் என்று கறுப்புக் கட்டம் போட்டு அறிவித்தது.

கொன்றவர்களே இரங்கற்குறிப்பும் எழுதினார்கள். இதைப் படித்த அன்று ஏற்பட்ட அருவருப்பை என்னால் விவரிக்க முடியாது. பொய்யைவிட அந்தப் பொய்யின் தேவை என்னை உலுக்கியது. அவர் துரோகி என்று அறிவிக்க முடியவில்லை, ஜனங்கள் நம்பமாட்டார்கள். கொன்றோம் என்று சொல்லவும் முடியவில்லை. ஆகவே அந்தச் சாவை எதிரியின் கணக்கில் எழுதி, அதற்கு உரிய இசையைக் கடன் வாங்கினார்கள். வன்முறையின் நியாயத்தை அவ்வளவு தீவிரமாக எழுதிய ஃப்ரான்ஸ் ஃபனோன், தன் மனச்சாட்சியில் கிடக்கும் இரண்டு சாவுகளில் ஒன்று அபானுடையது என்று ஸிமோன் த பூவாவிடம் சொன்னதாக அவர் தன் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். ஃபனோன் அதை எழுதவில்லை. தனிப்பேச்சில்தான் சொன்னார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. படம் அல்ஜியர்ஸ் நகரத்தைப் பற்றியது. அபான் செத்தது மொராக்கோவில். எல்லாவற்றையும் ஒரு படத்தில் திணிக்க முடியாது. ஒரு கலைஞன் எடுத்துக்கொள்ளாத விஷயத்துக்காக அவனைக் குற்றம் சொல்வது விமர்சனம் ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். அபான் படத்தில் இல்லை என்பது என் புகாரே அல்ல. என் கவனம் படத்தில் இருப்பதன்மேல்தான்.

படத்தில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்றில் அலி, கஸ்பாவின் ரௌடியும் தன் பழைய சகாவுமான ஒருவனைத் தெருவில் வைத்துச் சுட்டுக் கொல்கிறான். இன்னொன்றில் கஸ்பாவின் சிறுவர் கூட்டம் ஒரு குடிகாரக் கிழவனைச் சூழ்ந்து அடித்துப் படிக்கட்டுகளில் இழுத்துக்கொண்டு போகிறது. மது, போதை, விபசாரம் எல்லாவற்றுக்கும் முன்னணி தடை விதித்துவிட்டது, அது அமலாகிறது. சிறுவர்களின் சீழ்க்கையும் கூச்சலும் காதில் விழுகின்றன. அந்தத் துக்க இசை இங்கே வருவதில்லை. கிழவனின் முகத்தை மில்க் பாரில் பார்த்ததைப்போலக் காமிரா பார்ப்பதில்லை. இது ஒரு சமூகம் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் காட்சியாகக் கடந்துபோகிறது. நானும் அப்படித்தான் கடந்தேன். மூன்றாம் தடவை பார்த்தபோதுதான், ஐஸ்க்ரீம் நக்கும் வெள்ளைக் குழந்தைக்குக் கிடைத்த அரை நிமிஷம் அந்தக் கிழவனுக்குக் கிடைக்கவில்லை என்பது பட்டது. அவன் எதிரியாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

ஆக, இது விஷயத்தின் விடுபடல் அல்ல, வடிவத்தின் முடிவு. பொன்டெகார்வோவும் திரைக்கதை எழுதிய ஃபிராங்கோ ஸொலினாஸும் ஜனங்களையே கதாநாயகனாக்கினார்கள். கஸ்பா ஒரே உடம்பு. அதன் பெண்களின் குலவை ஒரே குரல். 1960 டிசம்பரில் தெருவெல்லாம் கொடிகளோடு பொங்கும் கடைசிக் காட்சிகளின் வலிமை முழுவதும் அந்த ஒருமையிலிருந்து வருகிறது. உடம்பு என்ற உருவகத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், மாறுபடுகிறவன் ஒரு நோயாகிவிடுகிறான். நோயை அகற்றுவதற்கு யாரும் துக்கம் காப்பதில்லை. படம் எடுக்கப்படுவதற்கு 8 வருஷம் முந்தி அபானைக் கொன்றவர்களின் தர்க்கமும் இதேதான். கலையின் தர்க்கமும் கொலையின் தர்க்கமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே உருவகத்தைக் குடித்து வளர்ந்தவை என்கிறேன்.

நம் ஊர்ச் சாவு வீட்டு ஒழுக்கத்தில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பளித்திருக்கிறது. பங்காளியோடு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவன் செத்தால் நமக்குத் தீட்டு உண்டு. விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, தலை முழுகியாக வேண்டும். அன்பைப் பற்றிய கேள்வியே அங்கு எழுவதில்லை. உறவு என்பது துக்கத்துக்கான கடமை, அவ்வளவுதான். ‘துரோகி’ என்ற சொல் செய்வது இந்தக் கடமையை ரத்து செய்வதை. எதிரிக்குத் தீட்டு இல்லையானாலும் மரியாதை உண்டு. அவனைப் புதைக்க விடுவோம். துரோகிக்கு இரண்டும் இல்லை. ஒருவனைக் கொல்வதற்கான அனுமதிக்கு முன்பே, அவனுக்காக அழாமல் இருப்பதற்கான அனுமதியை அந்தச் சொல் தந்துவிடுகிறது. கொலை பிறகு நடப்பது.

அல்ஜீரியாவில் இந்தச் சொல்லின் வலுவை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவன் எதிரிதான். காப்டன் லேஜே என்கிற பிரெஞ்சு உளவு அதிகாரி, பிடிபட்டு மனம் மாறிய போராளிகளுக்கு நீல வேலையுடுப்பு மாட்டி மறுபடியும் கஸ்பாவுக்குள் விட்டார். யாசேஃபின் அமைப்பு உடைந்ததில் அந்த வலைக்குப் பெரிய பங்கு. பிறகு அவர் இன்னொன்று செய்தார். கபீலியா மலைப்பகுதிப் போராளிகளிடையே துரோகிகள் ஊடுருவியிருப்பதாகப் பொய்த் தடயங்களைப் பரப்பினார். அப்பகுதித் தளபதி அமிரூஷ் நம்பினார். 1958லிருந்து நடந்த களையெடுப்பில் நூற்றுக்கணக்கானோர், சில கணக்குகளில் ஆயிரத்துக்கும் மேல், சொந்த அணியாலேயே விசாரித்துச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். பலர் நகரத்திலிருந்து படிப்பை விட்டுவிட்டுப் போராட வந்த மாணவர்கள். எதிரி ஒரு துப்பாக்கி ரவைகூடச் செலவழிக்கவில்லை. ஒரு சொல்லைக் கொடுத்தார். மிச்சத்தை இவர்களே செய்துகொண்டார்கள்.

படத்தின் முதல் முகத்துக்கு இதோடு சம்பந்தம் உண்டு. சித்திரவதையில் உடைந்த அந்த மனிதனிடம் படம் காட்டும் கருணை உண்மையானது. ஆனால் அந்தக் கருணை கொஞ்சம் எளிதானதும்கூட, ஏனென்றால் அவனை உடைத்தது எதிரி. 1957 அக்டோபர் 8ல் அலியும், ஹஸீபா பென் பூவாலியும், யாசேஃபின் மருமகனான 13 வயதுச் சிறுவனும் இருந்த மறைவிடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தைச் சொன்னது யார் என்பது அரை நூற்றாண்டு கழித்தும் பழைய போராளிகள் பத்திரிகைகளில் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொள்ளும் அளவுக்குத் தீராத வழக்கு. படம் அந்த வழக்கின் இடத்தில் ஓர் அப்பாவியை வைத்து, நம்மை அழவைத்து, விஷயத்தை முடித்துவிடுகிறது.

இனி என் கதை. நண்பரோடு படம் பார்த்த மறுவருஷம், 1986 ஏப்ரல் கடைசியில், யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தைத் தாக்கி அழித்தார்கள். மே 6ல் டெலோ தலைவர் ஸ்ரீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். இரண்டு பக்கமும் ஒரே அரசின் ஒடுக்குமுறைக்கு எதிராக வீட்டைவிட்டுக் கிளம்பிய பையன்கள். செய்தி வந்த வாரம், நாங்கள் சிலர் வழக்கமாகக் கூடும் அறையில் சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்த ஒரு நண்பர் என்னிடம் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நான் மறுத்தேன். மறுத்ததோடு விளக்கமும் சொன்னேன். சிங்கள அரசின் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது இதைப் பேசுவது அந்த அரசுக்குத்தான் உதவும். போராட்டங்கள் இப்படிப்பட்ட கட்டங்களைக் கடந்துதான் வரும். சரித்திரத்தைப் பாருங்கள், அல்ஜீரியாவைப் பாருங்கள். அல்ஜீரியாவைப் பாருங்கள் என்று சொன்னேன்! என் கையில் இருந்த அல்ஜீரியா ஒரு படம்தான். அதில் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். யாழ்ப்பாண நண்பரை அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை.

‘இப்போது வேண்டாம்’ என்ற வாதத்தை அலட்சியமாகத் தள்ள நான் தயாராக இல்லை. அதில் உண்மையான பயம் இருக்கிறது. ஒடுக்குகிறவன் கையில் ஆகாய விமானம் இருக்கும்போது, ஒடுக்கப்படுகிறவனின் குற்றத்தைச் சொல்லுகிறவன் சொல்லப்படும் இடத்தையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போரின் காலத்திலேயே, எதிர்ப் பக்கத்தில், இந்த வாதத்தை மறுத்தவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி பொலார்தியேர் 1957 மார்ச்சில் சித்திரவதையைக் கண்டித்துப் பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்டார். 60 நாள் கோட்டைக் காவல் கிடைத்தது. அல்ஜியர்ஸ் போலீஸ் நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்த போல் தெத்ஜென், நாஜிகளின் கையில் தானே சித்திரவதை அனுபவித்தவர். கைதிகளின் உடம்பில் அதே தழும்புகளைப் பார்த்ததாக மேலிடத்துக்கு எழுதினார். காவலில் வைக்கக் கையெழுத்திட்ட தாள்களையும் திரும்பி வந்தவர்களையும் ஒப்பிட்டு எண்ணினார். அவர் கணக்கில் காணாமல்போனவர்கள் 3,024 பேர். செப்டம்பரில் பதவியை விட்டார். இருவரிடமும் ‘இப்போது வேண்டாம், ராணுவத்தின் மனவுறுதி குலையும்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் இழந்தது பதவியை. அல்ஜீரியப் பக்கத்தில் பேசியிருந்தால் இழந்திருப்பது உயிரை. வித்தியாசம் பெரியது. அப்படியும் எண்ணியவர் உண்டு. முன்னணிக்குள்ளேயே இருந்த மொஹம்மத் ஹார்பி, 1965க்குப் பிறகு வருஷக்கணக்கில் சிறையும் காவலும் அனுபவித்து, 1973ல் தப்பி பாரிஸ் போய், தன் இயக்கத்தின் உள்வரலாற்றை 1980ல் புத்தகமாக எழுதினார். விடுதலை வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. அதன் கணக்கைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்காக எழுதினார்.

நம் மரபிலும் இதற்கு ஆள் இருக்கிறது. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டு உறையூர் முற்றுகையிடப்பட்டபோது கோவூர் கிழார் நடுவில் போய் நிற்கிறார். இரண்டு பேர் தலையிலும் இருப்பது ஒரே ஆத்திப் பூ. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சம்பவம். நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போகும்போது கிழார் பாடித் தடுக்கிறார். அந்தச் சொல்லைத்தான் அவர் தடுக்கிறார். அதுவும் பகை நடந்துகொண்டிருக்கும்போதே. போர் முடியட்டும், பிறகு விசாரிக்கலாம் என்றிருந்தால் இளந்தத்தன் இருந்திருக்க மாட்டான். கோவூர் கிழாரைப் பாடமாகப் படித்தவன்தான் நானும்.

மூன்றாவது வகைச் சாவைச் சொல்லாமல் விட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அல்ஜீரியா பதில் வைத்திருக்கிறது. 1962ல் விடுதலை. 1965 ஜூன் 19ல் பூமெதியென் ராணுவத்தைக் கொண்டு பென் பெல்லாவைக் கவிழ்த்தார். அந்த அதிகாலையில் தெருவில் டாங்கிகளைப் பார்த்த அல்ஜியர்ஸ் ஜனங்கள், பொன்டெகார்வோவின் படப்பிடிப்பு என்று நினைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, இதைவிடக் கச்சிதமான உருவகத்தை நான் கண்டதில்லை: ராணுவத்துக்கு மேலே அரசியல் என்று சொன்ன அபானின் கோட்பாடு இரண்டாவது தடவையாகக் கொல்லப்படுகிறது, ஜனங்கள் அதைத் தங்கள் விடுதலையைப் பற்றிய சினிமா என்று எண்ணி வழிவிடுகிறார்கள். 1967ல் கிதர் மட்ரிடில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரான்ஸோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட க்ரிம் பெல்காசெம் 1970ல் ஃபிராங்க்ஃபர்ட் ஓட்டல் ஒன்றில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். அபானை மொராக்கோவுக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். 1988 அக்டோபரில் தெருவுக்கு வந்த இளைஞர்களை விடுதலைப் படையின் வாரிசான ராணுவம் சுட்டது. பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தது. 1992ல் நாட்டின் தலைவராக மேடையில் பேசிக்கொண்டிருந்த பூதியாஃப் தன் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவனாலேயே கொல்லப்பட்டார். தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரில் லட்சத்துக்கும் மேல் சாவு. இவை எல்லாவற்றுக்கும் 1957ன் ஒரு கொலைதான் காரணம் என்று சொன்னால் அது சரித்திரமாகாது. காரணங்கள் பல. ஆனால் தன் கையால் செத்த தன்னவனுக்குத் தலை முழுகாத ஒரு விடுதலை, அந்தக் கையோடுதான் ஆட்சிக்கு வருகிறது. அபானின் பெயர் இன்று ஒரு விமான நிலையத்துக்கு இருக்கிறது. உடல் கிடைக்கவில்லை.

மறுபக்கம் ஒன்றும் உத்தமமானதல்ல. பென் மஹிதி தற்கொலை செய்துகொண்டார் என்று 1957ல் சொன்ன பிரான்ஸ், அவரைத் தூக்கிலிட்டுக் கொன்றோம் என்று அதிகாரி ஒஸாரெஸ் 2001ல் எழுதிய பிறகும் மௌனமாக இருந்து, 2024 நவம்பர் 1ல்தான் தன் ராணுவத்தினரே கொன்றார்கள் என்று அரசாங்கமாக ஒப்புக்கொண்டது. 67 வருஷம். எதிரியைக் கொன்றதை ஒப்புக்கொள்ளவே ஒரு பழைய குடியரசுக்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது என்றால், நம்மவனைக் கொன்றதை ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் வேண்டும்?

படத்தில் பென் மஹிதி மொட்டைமாடியில் அலியோடு பேசும் ஒரு காட்சி உண்டு. புரட்சியைத் தொடங்குவது கஷ்டம், நடத்துவது அதைவிட, ஜெயிப்பது அதையும்விட. உண்மையான கஷ்டம் ஜெயித்த பிறகுதான் என்கிற பொருளில் பேசுகிறார். அறிவு நிறைந்த பேச்சு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன். இப்போது அதில் ஒரு தவறு தெரிகிறது. அந்தக் கஷ்டம் ஜெயித்த பிறகு தொடங்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த இரவிலேயே, கீழே படிக்கட்டுகளில், ஒரு குடிகாரக் கிழவனை இழுத்துக்கொண்டு போனபோதே தொடங்கிவிட்டது.

படத்தை நான் விட்டுவிடவில்லை. போன மாதம் மறுபடியும் பார்த்தேன். இந்த முறை தனியாக. மில்க் பார் காட்சியில் மறுபடியும் கண் கலங்கியது. அதற்குமுன், அந்த முதல் முகம் வந்தபோது, நிறுத்தி வைத்துப் பார்த்தேன்.  அலியைக் காட்டிக்கொடுத்த பிறகு, சிப்பாய்கள் திரும்பிப் போன பிறகு, அவன் கஸ்பாவுக்குள் எப்படி நடந்து வீட்டுக்குப் போயிருப்பான் என்று படம் காட்டுவதில்லை. யார் அவனுக்காகக் கதவைத் திறந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1986ல் கேட்கப்பட்ட இரண்டு பக்கம் இதுதான். நீண்டுவிட்டது.